முதல் கையெழுத்து

மனு எழுதி முடித்தாயிற்று. ஒன்றரைப் பக்கம். மாலையில் கல்லூரி விடும் நேரத்துக்கு வரும் டவுன் பஸ் எங்கள் நிறுத்தத்தில் நிற்பதில்லை, ஐம்பதடி தள்ளிப் போய் நிற்கிறது, ஓடிப் பிடிப்பதற்குள் கிளம்பிவிடுகிறது என்பதுதான் விஷயம். எழுதியவள் வணிகவியல் இரண்டாம் ஆண்டு மாணவி. எழுத்து முத்து முத்தாக இருந்தது. தாளை மேசைமேல் வைத்து, பக்கத்தில் பேனாவையும் வைத்தோம். வகுப்பில் நாற்பத்து மூன்று பேர். ஐந்து நிமிடம் போயிற்று. ஒருவரும் எழுந்து வரவில்லை.

"பஸ் நிற்க வேண்டாமா?" என்று கேட்டேன். வேண்டும் என்று எல்லாரும் தலையாட்டினார்கள். "அப்படியானால் வந்து கையெழுத்துப் போடுங்கள்" என்றேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜன்னலோரத்தில் இருந்த ஒருவன் மெதுவாகச் சொன்னான்: "நான் இரண்டாவதாகப் போடுகிறேன் சார்."

எல்லாருக்குமே இரண்டாவது இடம்தான் வேண்டியிருந்தது. எனக்கு எரிச்சல் வந்தது. வீட்டுக்குப் போகும் வழியில், சேலம் ஐந்து ரோடு சிக்னலில் நிற்கும்போதுதான் உறைத்தது: அந்த வயதில் நான் இருந்திருந்தால் இருபதாவது இடம் கேட்டிருப்பேன்.

'முதல் பட்டதாரி' என்பது நம் ஊரில் ஒரு சான்றிதழின் பெயர். தொழிற்கல்விப் படிப்புகளில் சேரும் முதல் தலைமுறை மாணவர்களுக்கு 2010-11 கல்வியாண்டில் கட்டணச் சலுகை வந்தபோது பரவிய சொல். எங்களைப் போன்ற கலை அறிவியல் கல்லூரியில் அந்தச் சலுகைக்கு வேலையில்லை. சொல் மட்டும் வந்து ஒட்டிக்கொண்டது. அந்த விண்ணப்பத்தைப் பார்த்திருக்கிறீர்களா? தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, அண்ணன், அக்கா என்று வீட்டில் ஒவ்வொருவரும் எதுவரை படித்தார்கள் என்று எழுத வேண்டும். மற்றச் சான்றிதழ்கள் பெரும்பாலும் நம்மிடம் ஏதோ ஒன்று இருக்கிறது என்று சொல்லும். வீட்டில் ஒன்று இல்லை என்பதற்கு வட்டாட்சியர் அலுவலகம் முத்திரை வைக்கும் சான்றிதழ் இது.

இவர்களைக் கல்லூரி வாசல்வரை கொண்டுவர அரசு கொஞ்சம் பாடுபட்டிருக்கிறது, அதை மறுக்கக் கூடாது. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கியது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. 2021-22 கணக்குப்படி உயர்கல்விச் சேர்க்கை விகிதம் நாடு முழுக்க 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47 சதவீதம். ஆக, வாசல் அகலமாகத்தான் திறந்திருக்கிறது. உள்ளே வந்தவர்களுக்கு எந்த அறையில் யாரைக் கேட்க வேண்டும், கேட்டால் திட்டுவார்களா என்பதைச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

என் அப்பா கொலுசுப் பட்டறையில் இருந்தவர். சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் திண்ணைக்குத் திண்ணை பட்டறைதான். அப்பாவுக்குப் பற்றவைக்கும் வேலை. வளையங்களை வரிசையாக அடுக்கி, பொடி வைத்து, விளக்குச் சுடரை ஊதுகுழலால் அதன்மேல் திருப்புவார். வாயில் குழல் இருக்கும்போது பேச முடியாது. காலை எட்டிலிருந்து இரவு வரை அப்படித்தான். ஏதாவது வேண்டுமானால் புருவத்தை உயர்த்துவார், நாங்கள் புரிந்துகொள்ள வேண்டும். பேசாமல் செய்வதே நல்ல வேலைக்காரனுக்கு அடையாளம் என்று வளர்ந்தவன் நான். முதலாளி எடை குறைகிறது என்று சொன்னால்கூட அப்பா எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லிக் கேட்டதில்லை. அடுத்த நாள் அதே இடத்தில் உட்கார்ந்து ஊதுவார்.

நான் கல்லூரிக்குப் போன முதல் ஆண்டில் உதவித்தொகை அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். விண்ணப்பம் அலுவலகத்தில் கிடைக்கும் என்று இருந்தது. அலுவலகத்துக்குக் கம்பி போட்ட ஒரு ஜன்னல். நான் அதன் எதிரே தூணோரமாக இரண்டு நாள் நின்றேன். உள்ளே இருந்தவர் என்னைப் பார்த்தார், நானும் அவரைப் பார்த்தேன். அவராகக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். பட்டறையில் அப்படித்தான், வேலை கேட்டுப் போனவன் ஓரமாக நிற்பான், முதலாளிக்குத் தோன்றும்போது "என்னப்பா?" என்பார். மூன்றாம் நாள் போனபோது கடைசித் தேதி முடிந்திருந்தது. அவர் மேல் குற்றமில்லை. தூணோரம் நிற்கும் நூறு பேரைத் தினமும் பார்ப்பவர்.

இப்போது நான் ஜன்னலுக்கு உள்பக்கம் இருப்பவன். பதினைந்து ஆண்டுகளாகக் கற்பிக்கிறேன், இடையில் சில ஆண்டுகள் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராகவும் இருந்தேன். 'தலைமைப் பண்பு வளர்ப்பு' என்ற சொற்றொடரை அழைப்பிதழில் பார்த்தாலே எனக்குக் கொஞ்சம் ஒவ்வாமை. அதற்குக் காரணம் ஒரு பயிலரங்கு. வெளியூரிலிருந்து ஒருவர் வந்தார், கன்னத்தருகே மைக். எல்லாரையும் எழுந்து நிற்க வைத்து, 'நான் ஒரு தலைவன்' என்று ஆங்கிலத்தில் மூன்று முறை கத்தச் சொன்னார். கத்தினார்கள். கண்ணைப் பார்த்துப் பேசப் பழகுங்கள், அதுதான் தன்னம்பிக்கை என்றார். பெரியவர்களின் கண்ணை நேராகப் பார்த்துப் பேசினால் "என்ன முறைக்கிறாய்?" என்று அடி விழும் வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகள் அவர்கள். மதியம் சாம்பார் சாதம் போட்டார்கள், சாயங்காலம் சான்றிதழ் கொடுத்தார்கள். அடுத்த நாள் வகுப்பில் மின்விசிறி ஓடவில்லை. அலுவலகத்தில் போய்ச் சொல்ல எந்தத் தலைவனும் எழுந்திருக்கவில்லை.

சேலத்தில் தலைமை பற்றிப் பேச்சுப் போட்டி வைத்தால் இரண்டு பெயர்கள் தவறாமல் வரும். 1920 நாக்பூர் காங்கிரசுக்குத் தலைமை தாங்கிய விஜயராகவாச்சாரியார்; 1917 முதல் 1919 வரை நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி. பெரியவர்கள்தான், சந்தேகமில்லை. இருவரும் வழக்கறிஞர்கள், பேச்சே தொழில். தறியோட்டியின் மகளும் பட்டறைக்காரன் மகனும் அந்த அளவுகோலில் தங்களை நிறுத்திப் பார்த்தால், தலைமை என்பது வேறு யாருடைய வீட்டுச் சொத்தோ என்றுதான் தோன்றும்.

எனக்கு இதில் கண் திறந்தது மலைமேல்.

நாட்டு நலப்பணித் திட்டம் 1969-இல் காந்தி நூற்றாண்டின்போது தொடங்கியது. ஆண்டுக்கு 120 மணி நேரப் பணி, அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம். பல இடங்களில் முகாம் என்றால் பேனர், துடைப்பம், போட்டோ. எங்களுடையதும் ஏறக்குறைய அதே இனம்தான், பொய் சொல்வானேன். அந்த ஆண்டு சேர்வராயன் மலையில், ஏற்காட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஓர் ஊரில் சமுதாயக் கூடம் கிடைத்தது. ஜனவரிக் கடைசி. காப்பிப் பழப் பறிப்பு முடியும் தறுவாய். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஏழாவதிலேயே மூன்று பேர் வாந்தி. சேலத்திலேயே பிறந்து வளர்ந்தும், மலைமேல் ஓர் இரவுகூடத் தங்கியிராதவர்கள்தான் பாதிப் பேர்.

அந்த ஊர்க்காரப் பையன் ஒருவன் எங்கள் கல்லூரியில் படித்தான். மலையாளிப் பழங்குடி. பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்; மலையில் வாழ்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் அது, பேசுவது தமிழ்தான். கீழே விடுதியில் தங்கிப் படித்தான், கடைசி பெஞ்ச், மூன்று அரியர். கேள்வி கேட்டால் எழுந்து நின்று சுவரைப் பார்ப்பான். மந்தம் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

பஸ்ஸிலிருந்து இறங்கியதும் எங்கள் பையன்கள் மண்வெட்டியோடு ஒரு மரத்தடியைச் சுத்தம் செய்யப் பாய்ந்தார்கள். அவன் ஓடிப்போய்க் குறுக்கே நின்றான். "செருப்பைக் கழற்றுங்கள். முதலில் ஊர்க்கவுண்டரைப் பார்க்க வேண்டும். சொல்லாமல் கைவைக்கக் கூடாது." அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. கவுண்டர் வீட்டுத் திண்ணையில் பெரியவர்கள் என்னைவிட அவனிடம்தான் பேசினார்கள். ஊருக்குத் தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம்தான் வரும். ஐம்பது பேர் புதிதாகப் போய் நின்றால் குடங்கள் காலியாகவே திரும்பும். அவனே ஏற்பாடு செய்தான்: ஊர்ப் பெண்கள் பிடித்து முடித்த பிறகுதான் நாங்கள், ஆளுக்கு அரைக் குடம், தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்கு வரிசையே கிடையாது. குளிக்க முடியவில்லை என்று முணுமுணுத்தவர்களிடம், "ஏழு நாளில் நீங்கள் போய்விடுவீர்கள். நான் இங்கே திரும்பி வர வேண்டும்" என்றான். முணுமுணுப்பு நின்றது.

சாப்பாட்டுக் கணக்கை ஒரு மாணவியிடம் கொடுத்திருந்தேன். கொண்டலாம்பட்டிப் பக்கத்து விசைத்தறி வீட்டுப் பெண். தறிச் சத்தத்தில் வளர்ந்தவர்கள் இரண்டு வகை: ஒன்று, கத்திப் பேசுவார்கள், இல்லையென்றால் பேசவே மாட்டார்கள். இவள் இரண்டாம் வகை. முதல் இரவுக் கூட்டத்தில் நோட்டைத் திறந்து வாசித்தாள். தேதி, வந்திருந்தோர் எண்ணிக்கை, பேசப்பட்ட பொருள், வரவு, செலவு, கையிருப்பு. கடைசியில் "தீர்மானம்" என்று ஒரு வரி: நாளை முதல் இரவு உணவில் அப்பளம் கிடையாது. யார் இப்படி எழுதக் கற்றுக்கொடுத்தது என்று கேட்டேன். அம்மாவின் மகளிர் சுய உதவிக் குழுவுக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து அவள்தான் தீர்மானப் புத்தகம் எழுதுகிறாளாம். அம்மாவுக்கும் குழுவில் பாதிப் பேருக்கும் கையெழுத்து மட்டும்தான் வரும்.

பக்கத்துத் தர்மபுரியில் 1989-இல் ஐ.நா.வின் வேளாண் மேம்பாட்டு நிதியத்தின் உதவியோடு இந்தக் குழுக்களைத் தொடங்கினார்கள். பிறகு சேலத்துக்கும் மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது. அந்தக் குழுக்களின் புத்தகங்களை எத்தனை வீடுகளில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எழுதியிருப்பார்கள்! கடன் தவணை, வட்டி, யார் வரவில்லை, வராதவருக்கு அபராதம் எவ்வளவு, அபராதத்தை எப்படி மனம் நோகாமல் கேட்பது என்பதெல்லாம் பதினாலு வயதில் அவளுக்கு அத்துப்படி. வங்கியில் அம்மாவுக்காகப் பேசியவள், ரேஷன் கார்டில் பெயர் திருத்தியவள். கல்லூரியில் இரண்டு ஆண்டாக அவளிடம் நாங்கள் கேட்டது, "ஏம்மா, ஆங்கிலத்தில் உன்னை அறிமுகப்படுத்திக்கொள்" என்பதுதான். அதில் அவள் திக்கினாள். நாங்கள் குறித்துக்கொண்டோம்.

மூன்றாம் நாள் ஒரு சிறப்பு விருந்தினர் வந்தார். வழக்கப்படி பொன்னாடை. அவரை ஏரிக்கரைக்கு அழைத்துப் போய் மிளகாய் பஜ்ஜி, டீ, கொஞ்சம் பழம் வாங்கிக் கொடுத்தேன். அன்று இரவுக் கூட்டம். குளிர், எல்லாரும் போர்வைக்குள். அவள் எழுந்து நின்று ஒரே சீராக வாசித்தாள்: "சார் கையில் கொடுத்த முன்பணம் ஆயிரம். ரசீது வந்தது அறுநூற்று அறுபதுக்கு. மீதி முந்நூற்று நாற்பது ரூபாய்க்கு ரசீது வரவில்லை."

அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அபராதம் கட்டாத அக்காவின் பெயரை வாசிப்பதுபோல வாசித்தாள். ஆனால் ஐம்பது முகமும் என் பக்கம் திரும்பியது. நான் சிரித்துக்கொண்டே, "பரவாயில்லையே, தணிக்கைத் துறையே நம்மோடு மலை ஏறி வந்திருக்கிறது" என்றேன். கூடம் முழுக்கச் சிரிப்பு. அவள் நோட்டை மூடிவிட்டு உட்கார்ந்தாள்.

மறுநாள் காலையில் அந்த நோட்டு அரிசி மூட்டையின் மேல் கிடந்தது. அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வேறு ஒருத்தியிடம் கொடுத்தேன். வேண்டாம் சார் என்றாள். இன்னொருவனும் வேண்டாம் என்றான். மத்தியானம் மலைப் பையன் என்னிடம் வந்து, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "சார், இனிமேல் அந்த நோட்டை யாரும் எழுத மாட்டார்கள்."

நான் அவளைத் திட்டவில்லை, தண்டிக்கவில்லை. ஒரு வேடிக்கைப் பேச்சுதான். என் பிள்ளைகளிடம் பேசிய பேச்சென்றால் திருப்பி ஒரு வேடிக்கை பேசியிருப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் நான் இருக்கிறேன். அவளுக்கு அந்தக் கூடத்தில் என் மதிப்பெண்ணும் என் கையெழுத்தும் வேண்டும். அவற்றுக்கு ஊறு வந்தால் கல்லூரிக்கு வந்து பேச வீட்டில் யாரும் இல்லை. அப்பா ஒரு நாள் வந்தால் ஒரு நாள் கூலி போகும், வந்தாலும் தூணோரம் நிற்பார். துணிச்சல் வேண்டும் என்று இவர்களுக்கு உபதேசிப்பவர்கள் துணிச்சலின் விலையைக் கேட்பதில்லை. ஒரே பேச்சு சிலருக்குப் பத்து ரூபாய்க்குக் கிடைக்கிறது, சிலரிடம் ஆயிரம் கேட்கிறது. ஆசிரியரால் ஆகக்கூடிய காரியம் அந்த விலையைக் குறைப்பது. அன்று நான் ஏற்றிவிட்டிருந்தேன்.

இரவுக் கூட்டத்தில் நான் எழுந்தேன். ரசீது வாங்கவில்லை, தவறு என்னுடையது, நேற்று நான் பேசியதும் தவறு, பணத்தை நான் கட்டிவிடுகிறேன் என்றேன். சொல்வதற்குள் வாய் உலர்ந்துவிட்டது; ஐம்பது வயதை நெருங்கும்போது இதெல்லாம் சுலபமில்லை. அவள் சிரிக்கவில்லை, அழவில்லை. நோட்டை எடுத்து, 'திட்ட அலுவலரிடமிருந்து வரவு: ரூ. 340' என்று எழுதினாள். நோட்டை என் பக்கம் திருப்பி, "கையெழுத்துப் போடுங்கள் சார்" என்றாள். போட்டேன்.

அதன் பிறகு கல்லூரியில் சில காரியங்களை மாற்றிப் பார்த்தேன். தமிழ்நாட்டில் பெரும்பாலான கல்லூரிகளில் மாணவர் தேர்தல் இல்லை. மாணவர் தேர்தலை எப்படி நடத்துவது என்று சொன்ன லிங்டோ குழுவின் பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் 2006-இல் ஏற்றுக்கொண்டது, இங்கே பெரிதாக ஒன்றும் அசையவில்லை. வகுப்புப் பிரதிநிதியை நாங்கள்தான் நியமிக்கிறோம். நல்ல மதிப்பெண், நல்ல ஆங்கிலம், நல்ல சட்டை. அவன் சாக்பீஸ் எடுத்து வருவான், வருகைப் பதிவேட்டைத் தூக்கி வருவான். அவனைத் தூதுவன் என்று சொல்லலாம். என் வகுப்பில் மட்டும் பதினைந்து நாளுக்கு ஒரு கூட்டம், ஒவ்வொரு முறையும் வேறு ஒருவர் நடத்த வேண்டும், தீர்மானப் புத்தகம் உண்டு என்று வைத்தேன். பாதிக் கூட்டங்கள் வழவழவென்று போகும். ஒருமுறை சுற்றுலா எங்கே என்று தொடங்கி இரண்டு பையன்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அதையும் புத்தகத்தில் எழுதச் சொன்னேன்.

இன்னொன்று, ஆண்டுக்கு ஒருமுறை எல்லாரும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போட வேண்டும். 2005-இல் வந்த சட்டம். கட்டணம் பத்து ரூபாய், முப்பது நாளில் பதில். வம்பு வேண்டாம், சாதாரணக் கேள்வி போதும் என்பேன். ஒரு பையன் தன் ஊர் நூலகத்தில் எத்தனை புத்தகங்கள் என்று கேட்டான். பதில் வந்தது. அவனுடைய தாத்தா அந்தக் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறை போட்டு வீட்டில் மாட்டிவிட்டாராம். அரசாங்கம் என் பேரனுக்குப் பதில் எழுதியிருக்கிறது என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறாராம். கேள்வி என்ன, பதில் என்ன என்பதில் அவருக்கு அக்கறையில்லை.

பஸ் மனுவுக்கு வருகிறேன். மறுநாள் நான் வகுப்புக்குப் போனபோது தாளில் நாற்பத்து மூன்று கையெழுத்தும் இருந்தன. அடியில் ஒரு வட்டம் வரைந்து, வட்டத்தைச் சுற்றிச் சூரியக் கதிர்போலப் போட்டிருந்தார்கள். எது முதல், எது கடைசி என்று யாராலும் சொல்ல முடியாது. யாருடைய யோசனை என்று கேட்டேன்; அதையும் சொல்லவில்லை. நான் செய்தது, முதல்வரைப் பார்த்து, கல்லூரியின் முகப்புக் கடிதம் ஒன்று வாங்கி மேலே வைத்ததுதான். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஆறு பேர் கலெக்டர் அலுவலகம் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்கள். ரசீதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினார்கள்.

மூன்று வாரம் பஸ் ஒழுங்காக நின்றது. பிறகு ஓட்டுநர் மாறினாரோ என்னவோ, பழையபடி ஐம்பதடி. இரண்டாவது மனு போயிற்று. அதிலும் வட்டம்தான். இந்த முறை டிபன் பாக்ஸ் மூடியை வைத்து இன்னும் ஒழுங்காக வரைந்திருந்தார்கள்.

கணக்கு நோட்டுக்காரியைப் போன மாதம் பார்த்தேன். தற்காலிகப் பட்டச் சான்றிதழ் வாங்க வந்திருந்தாள். மலைப் பையன் இரண்டு அரியரை முடித்துவிட்டான், ஒன்று பாக்கி என்று சொன்னாள். நான் அலுவலகத்துக்கு உள்ளே ஏதோ தாளைத் தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் ஜன்னலிலும் கம்பிதான். "நாளைக்கு வாம்மா" என்றார் எழுத்தர், நிமிராமல்.

"நாளை எத்தனை மணிக்கு சார்?"

"பத்தரைக்கு மேல்."

"பத்தரைக்கு நீங்களே இருப்பீர்களா, வேறு யாரையாவது பார்க்க வேண்டுமா?"

அவர் நிமிர்ந்தார். அவள் கைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, பேனா மூடியைப் பல்லால் கழற்றிக்கொண்டு நின்றாள். "உங்கள் பெயர் சொல்லுங்கள் சார், எழுதிக்கொள்கிறேன்."

எழுத்தர் என் பக்கம் திரும்பினார். நான் தாளைத் தேடிக்கொண்டே இருந்தேன்.

"இரு, இரு. உட்கார். பார்க்கிறேன்" என்று அவர் பீரோவைத் திறந்தார்.

அவள் உட்காரவில்லை. ஜன்னல் திட்டில் நோட்டை வைத்து நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தாள்.